பஹர்கஞ்சில் இஸ்ரேலிச் சாப்பாடு: குடும்பத்தோடு போனால் என்ன கேட்டு வாங்குவது?

டெல்லி கரோல்பாகிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரிய மகள் கல்லூரித் தோழிகளோடு பஹர்கஞ்சில் ஒரு இஸ்ரேலி உணவகத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். வீட்டில் ஐந்து பேர். நீங்கள், கணவர், பிள்ளைகள் இரண்டு பேரும் முட்டையும் சிக்கனும் சாப்பிடுவீர்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும், எதைக் கேட்டால் பணம் வீணாகாது, இதுவும் அரபு ஓட்டல் சாப்பாடும் ஒன்றுதானா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகப் போங்கள். சுத்த சைவம் சாப்பிடுகிற பெரியவரை டெல்லியில் வெளிநாட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுதுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிறவை. பெரிய ஓட்டல்களில் ஹம்மஸை ஸ்டார்ட்டர் வரிசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டதால், ஐந்து பேர் ஒரு கிண்ணத்தைத் தொட்டுத் தின்றுவிட்டு, 'மெயின் கோர்ஸ் எங்கே?' என்று காத்திருப்பார்கள். அப்புறம் 'ஒன்றுமே இல்லை, வயிறு நிறையவில்லை' என்று வருத்தப்படுவார்கள். ஹம்மஸை நடுவில் வைத்து, நிறைய பிட்டா ரொட்டி வாங்கி, பக்கத்தில் நாலைந்து தட்டு பரப்பி எல்லாரும் கை போட்டுச் சாப்பிட வேண்டிய சாப்பாடு இது.

இந்தச் சாப்பாடு ஏன் பஹர்கஞ்சில் வந்து சேர்ந்தது என்று மகளுக்குத் தெரிந்தால் சாப்பிடும்போது இன்னும் ருசிக்கும். இஸ்ரேலில் ஆண், பெண் இரு பாலருக்கும் ராணுவச் சேவை கட்டாயம். இரண்டு மூன்று வருடம் அதில் போய்விடும். முடித்து வெளியே வந்ததும் கையில் இருக்கும் பணத்தோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புவது அங்குள்ள இளைஞர்களின் வழக்கம். 1992 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் முழுத் தூதரக உறவு வந்தபிறகு அவர்கள் இந்தியாவுக்கு வருவது பெருகியது. டெல்லியில் இறங்கி, புது டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே மெயின் பஜாரில் மலிவாக ஓர் அறை எடுத்து, அங்கிருந்து கசோல், பழைய மணாலி, தர்ம்கோட், புஷ்கர், கோவா என்று பிரிந்து போவார்கள். மலைக்குப் போகும் தனியார் பஸ்கள் சில ஆர்.கே. ஆசிரமம் மெட்ரோ பக்கத்திலிருந்தே கிளம்புவதும் ஒரு வசதி. மெயின் பஜாரில் ஹீப்ரு எழுத்தில் பலகைகளைப் பார்க்கலாம். கபாத் என்ற யூத மத அமைப்பின் இல்லமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இந்த உணவகங்களின் அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் நேபாளிகள், பஹாடிகள் என்கிற மலைப்பகுதிக்காரர்கள். வந்து சாப்பிடுகிறவர்கள் 'இப்படிச் செய், இதில் இன்னும் எலுமிச்சை விடு' என்று சொல்லச் சொல்லப் பழகிய கை. ஹீப்ருவில் சரளமாக ஆர்டர் எடுக்கிற பையன்களும் உண்டு.

அதனால் ஒரு சிக்கலும் இருக்கிறது. மெனு அட்டை பத்துப் பக்கம் போகும். பிட்ஸா, பாஸ்தா, மோமோ, சௌமீன், பனீர் பட்டர் மசாலா எல்லாம் இருக்கும். பிள்ளைகள் மோமோ கேட்டால் மறுத்துவிடுங்கள். அது எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது.

சரி, ஹம்மஸ். வெள்ளைக் கொண்டைக்கடலை, தஹினி, எலுமிச்சை, பூண்டு, உப்பு, விருப்பமிருந்தால் துளி சீரகம். இவ்வளவுதான் சாமான். கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அப்படியே மசிகிற அளவுக்கு வேகவைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் அரைத்தபிறகு நாக்கில் நறநறவென்று இருக்கும். தஹினி என்பது தோல் நீக்கிய வெள்ளை எள்ளை லேசாக வறுத்து, அதன் எண்ணெயிலேயே வழுவழுப்பாக அரைத்த விழுது. எள் என்றதும் மாமியார் தயங்கலாம். திவசத்துக்கு உரியது என்று மற்ற நாளில் எள்ளை அதிகம் புழங்காத வீடுகள் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை எள்ளோதரை செய்கிற வீடாக இருந்தால் அந்தத் தயக்கம் இருக்காது. எப்படியும் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்து தர்மசங்கடப்பட வேண்டாம்.

சின்ன உணவகம்தான், அடுப்படி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் தஹினி கலக்குவதைப் பாருங்கள். விழுதில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் அது இளகாது. மாறாக இறுகி, திரிந்துபோனது போலக் கட்டி கட்டியாக நிற்கும். புதிதாகச் செய்கிறவர் பயந்துபோய்க் கொட்டிவிடுவார். இன்னும் கொஞ்சம் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் பழுப்பு நிறம் போய் வெள்ளையாகி, கரண்டியிலிருந்து பட்டு நூல் மாதிரி இறங்கும். இந்த இடம் தெரிந்த சமையல்காரர் இருந்தால் கடை நல்ல கடை.

தட்டில் வரும்போது எப்படி இருக்க வேண்டும்? ஆழமில்லாத தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் குழி செய்து, அந்தக் குழியில் தஹினி, நாலு முழுக் கடலை, ஆலிவ் எண்ணெய், மேலே கொத்தமல்லி அல்லது பார்ஸ்லி, துளி மிளகாய்த் தூள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் அறைச் சூட்டிலாவது. தெற்கு டெல்லி மால் ஒன்றில் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வைத்தார்கள். மேலே வெடிப்பு விட்டிருந்தது, பக்கத்தில் மூன்று முக்கோணத் துண்டு பிட்டா. அந்த ஹம்மஸுக்கு அவர்கள் போட்ட விலையில் பஹர்கஞ்சில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். இந்தச் சமையலில் விலை கூடிய சரக்கு தஹினிதான், அதனால் கை வைப்பதும் அதில்தான். தஹினியைக் குறைத்துவிட்டு அதை மறைக்கப் பூண்டை அள்ளிப் போடுவார்கள். சில இடங்களில் மயோனைஸ் கலக்கிறார்கள், அதை நான் மன்னிக்கவே மாட்டேன். மாமியாருக்கும் அது ஆகாது, மயோனைஸில் முட்டை இருக்கலாம். 'மயோனைஸ் போடுவீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். 'இல்லை' என்ற பதில் பட்டென்று வந்தால் உட்காரலாம்.

சாப்பிடுகிற விதம் நம் கைக்கு நன்றாகவே பழகிவிடும். பிட்டாவைக் கிள்ளி, தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு வழி வழித்து வாயில் போட வேண்டும். ஃபோர்க் தேவையில்லை. பச்சை வெங்காயத்தை நாலாகப் பிளந்து வைப்பார்கள், அதன் ஓர் இதழையே கரண்டியாக வைத்து அள்ளலாம். பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சை சேர்த்து அரைத்த தண்ணியான சாறு ஒன்று தனியாகக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நம் நாக்குக்கு ஹம்மஸ் இரண்டாவது வாயில் அலுத்துவிடும்.

நேரமும் முக்கியம். இஸ்ரேலில் ஹம்மஸ் காலை, மதியச் சாப்பாடு. அங்கே யாஃபா நகரில் அபு ஹசன் என்ற பெயர்பெற்ற கடை உண்டு. காலையில் திறந்து, பானை காலியானதும் கதவைச் சாத்திவிடுவார்கள். நீங்களும் ஞாயிறு பதினொரு மணிக்குப் போங்கள். அன்று காலை அரைத்தது கிடைக்க வாய்ப்பு அதிகம். மெயின் பஜாரின் கூட்டமும் அப்போது குறைவாக இருக்கும், மாமியாரைக் கைபிடித்து நடத்திப்போக அது உதவும். மொட்டைமாடி உணவகமென்றால் படிகள் செங்குத்தாக இருக்கும், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள்.

பிட்டாதான் டெல்லியில் பெரிய குறை. நல்ல பிட்டா கொஞ்சம் தடிமனாக, பஞ்சுபோல, உள்ளே பை போலத் திறக்க வேண்டும். பல இடங்களில் குல்ச்சாவுக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஒன்றைத் தருகிறார்கள். மொத்தமாகக் கேட்காமல் இரண்டிரண்டாகச் சூடாகக் கேளுங்கள். ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும்.

ஃபலாஃபலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஊறவைத்த பருப்பை வேகவைக்காமல் அரைத்து, உருட்டிப் பொரிப்பது நமக்குப் புதிய வித்தை இல்லை. எகிப்தில் இதையே ஒரு வகை அவரைப் பருப்பில் செய்கிறார்கள், மத்தியதரைக்கடலின் கிழக்குக் கரையில் கொண்டைக்கடலையில். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சை நிறமாக, பொலபொலவென்று, ஆவி வர இருந்தால் சரியான ஃபலாஃபல். மாவாகக் கட்டிக்கொண்டு இருந்தால் வெந்த கடலையில் மைதா சேர்த்திருக்கிறார்கள். பிட்டாவுக்குள் அடைத்துத் தருவதைவிடத் தட்டில் தனியாக வாங்குங்கள், ஐந்து பேருக்கும் பங்கு போட எளிது.

ஷக்ஷூகாவை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். தக்காளி, குடைமிளகாய், பூண்டு, சீரகம், பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் குழைய வதக்கி, அதில் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி மூடிவைப்பது. வாணலியோடு மேசைக்கு வரும். துனிசியா, லிபியாவிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்த சமையல் இது. மஞ்சள் கரு இளகலாக இருக்க வேண்டும், ஆனால் டெல்லியில் கேட்காவிட்டால் முழுக்க வேகவைத்துவிடுவார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது சபீக். இராக்கிலிருந்து வந்த யூதர்கள் சனிக்கிழமை காலையில் சாப்பிட்டுவந்ததை, டெல் அவீவ் பக்கத்தில் ராமத் கான் என்ற ஊரில் பிட்டாவுக்குள் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். பொரித்த கத்தரிக்காய், அவித்த முட்டை, பொடியாக அரிந்த வெள்ளரி தக்காளி, தஹினி, அதற்கு மேல் அம்பா என்ற மாங்காய்ச் சாறு. இந்த அம்பாதான் விஷயம். மாங்காய், உப்பு, மஞ்சள், வெந்தயம் சேர்த்துப் புளிக்கவைத்தது. பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக இந்திய ஊறுகாய் இராக்குக்குப் போனது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1950, 51-ல் இராக்கிய யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபோது அதுவும் கூடப் போனது. இன்று பஹர்கஞ்சில் வெந்தய வாசனையோடு அதே மாங்காய் நம் தட்டில் விழுகிறபோது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிறது. எல்லாக் கடையிலும் அம்பா இருக்காது. அது இல்லாத சபீக் வேண்டாம், இருந்தால் விடாதீர்கள். முட்டை இல்லாமலும் செய்து தருவார்கள், மாமியாருக்கு அந்தக் கத்தரிக்காயும் அம்பாவும் கட்டாயம் பிடிக்கும்.

ஏமன் நாட்டு யூதர்கள் வழியாக வந்தது மலவாக். 1949, 50-ல் சுமார் 49,000 பேர் அங்கிருந்து விமானத்தில் இஸ்ரேலுக்கு அழைத்துவரப்பட்டார்கள். மலவாக் பார்ப்பதற்கும் பிய்ப்பதற்கும் அசல் நம்மூர்ப் பரோட்டாதான், அடுக்கடுக்காக இருக்கும். சால்னாவுக்குப் பதில் வேகவைக்காமல் துருவிய தக்காளிச் சாறும், கொத்தமல்லி, பச்சை மிளகாய், பூண்டு, ஏலக்காய் போட்டு அரைத்த ஸ்ஹூக் என்ற காரத் துவையலும் வரும். சின்னப் பிள்ளைக்கு இது ஒன்று போதும். கூட அவித்த முட்டை வைப்பார்கள். சிக்கன் வேண்டுமென்றால் ஷ்னிட்ஸல் கேளுங்கள், மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் சமையல். கோழி நெஞ்சுக்கறியைத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்காகப் பஹர்கஞ்ச் வரை போக வேண்டியதில்லை.

இது அரபுச் சாப்பாடுதானே என்று கேட்டீர்கள். பாதி ஆம். ஹம்மஸ், ஃபலாஃபல், தஹினி, லாப்னே என்ற கெட்டித் தயிர் எல்லாம் பாலஸ்தீனம், லெபனான், சிரியா, எகிப்துப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவருபவை. ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறிய யூதர்கள் அந்த மண்ணில் இருந்தவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர்களுக்கு அது முதலிலிருந்தே வீட்டுச் சாப்பாடு. மெனு அட்டையில் எல்லாவற்றுக்கும் 'இஸ்ரேலி' என்று பெயர் போட்டுவிட்டால் தங்கள் பெயர் அழிந்துபோகிறது என்பது பாலஸ்தீனியர்களின் நெடுநாள் மனக்குறை. அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன யாஃபா கடைகூட ஓர் அரபுக் குடும்பத்துடையதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றப் பாதி துனிசியா, ஏமன், இராக், ஐரோப்பா என்று நாலா பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. அதனால்தான் ஷவர்மாவும் மந்தி பிரியாணியும் போடுகிற கடையைவிட இங்கே காய்கறித் தட்டுகள் அதிகம், சோறு அநேகமாக இருக்காது.

மாமியார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோஷர் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது சைவம் என்று அர்த்தமாகாது. பன்றி, இறால் போன்றவை கூடாது, கறியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பவை அந்த நெறியின் முக்கிய விதிகள். பஹர்கஞ்சின் சாதாரண உணவகங்கள் அதையும் கடைப்பிடிப்பவை அல்ல, கண்டிப்பாக இருக்கிற பயணிகள் கபாத் இல்லத்தில் சாப்பிட்டுக்கொள்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி எண்ணெய்ச் சட்டியைப் பற்றி: 'இஸ் தேல் மே சிக்கன் பீ தல்தே ஹோ க்யா?' (இந்த எண்ணெயில் சிக்கனும் பொரிப்பீர்களா?) ஷ்னிட்ஸல் பொரிக்கிற அதே சட்டியில்தான் ஃபலாஃபலும் கத்தரிக்காயும் என்றால், மாமியாருக்கு அவை இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்போதும் ஹம்மஸ், பிட்டா, வெள்ளரி தக்காளி சாலட், எலுமிச்சை பிழிந்த தஹினி, பிறகு லாப்னே இருக்கிறது. லாப்னே என்பது துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர், மேலே எள்ளும் காய்ந்த மூலிகையும் கலந்த ஸாத்தர் தூவி, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். பிட்டாவில் முட்டை சேர்ப்பதில்லை. ஹம்மஸில் பூண்டு கட்டாயம் இருக்கும், பூண்டு வெங்காயம் ஒதுக்குகிற நாள் என்றால் வேறு ஞாயிறு பாருங்கள்.

ஐந்து பேருக்கு நான் சொல்வது: ஹம்மஸ் இரண்டு தட்டு, ஒன்று வெறும் கடலையோடு, இன்னொன்று வதக்கிய காளானோடு. ஃபலாஃபல் ஒரு தட்டு, ஷக்ஷூகா ஒன்று, சபீக் ஒன்று, மலவாக் ஒன்று, லாப்னே ஒன்று, சாலட் இரண்டு. சாலட்டில் காய்களைப் பொடிப்பொடியாக அரிந்திருக்க வேண்டும், வட்ட வட்டமாக நறுக்கி வந்தால் திருப்பி அனுப்பலாம். பிட்டா போகப் போகக் கேளுங்கள். குடிக்க, புதினாவும் ஐஸும் அடித்த எலுமிச்சை ஜூஸ்.

கடைசியில் பிள்ளைகள் மெனுவில் 'ஹலோ டு தி குயின்' என்று ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். பொடித்த பிஸ்கட், வாழைப்பழம், ஐஸ்கிரீம், சாக்லேட் குழம்பு எல்லாம் கொட்டியது. இஸ்ரேலிய இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் பயணிகளுக்காக இந்திய மலைக் கஃபேக்களிலும் புஷ்கர் பக்கத்திலும் பரவிய சரக்கு. ஒன்று வாங்கி ஐந்து ஸ்பூன் போட்டால் போதும்.

கரோல்பாகிலிருந்து ப்ளூ லைனில் இரண்டாவது நிறுத்தம் ஆர்.கே. ஆசிரமம் மார்க், அங்கிருந்து மெயின் பஜாருக்கு மின் ரிக்‌ஷா கிடைக்கும். கார் எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடமிருக்காது. திரும்பும்போது பார்சல் வாங்க நினைத்தால் ஹம்மஸ் மட்டும் வாங்குங்கள். ஃபலாஃபல் வீடு வருவதற்குள் நமுத்துவிடும். ஹம்மஸை மறுநாள் சாப்பிடுவதென்றால் ஒரு மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்து, கெட்டியாகியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கி, மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். பிட்டா இல்லாவிட்டால் சூடான ஃபுல்கா போதும்.